நாலு மணித் தேத்தண்ணி

எங்க பொழிச்சலூர்ல சாயங்காலம் நாலு மணின்னா ரெண்டு சத்தம் தப்பாம கேட்கும். ஒண்ணு, மீனம்பாக்கத்துல இருந்து கிளம்பித் தலைக்கு மேல போற விமானம். இன்னொண்ணு, தெருமுனை டீக்கடையில மாஸ்டர் கிளாஸுக்குள்ள ஸ்பூனை விட்டு அடிக்கற சத்தம். முதல் சத்தத்துக்கு இங்கே யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கறதில்லை. ரெண்டாவது சத்தத்துக்குத் தெருவே திரும்பும்.

அம்மா மட்டும் அதை டீன்னு சொல்ல மாட்டாங்க. தேத்தண்ணி. ஐம்பது வருஷமா இந்தப் பக்கத்துல இருந்தும் அந்த ஒரு வார்த்தை மாறலை. சின்ன வயசுல கூடப் படிச்ச பசங்க வீட்டுக்கு வந்தா, "தம்பி, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னு அம்மா கேட்டதும் அவனுங்க என்னைப் பார்த்துச் சிரிப்பானுங்க. எனக்கு மானம் போகும். இப்போ நினைச்சா வேற மாதிரி மானம் போகுது. அது இருக்கட்டும்.

2024 பிப்ரவரியில ஒருநாள், ஏழாவது படிக்கற என் பொண்ணு எனிட் பிளைட்டன் புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டுக் கேட்டா: "அப்பா, ஸ்கோன்னா என்ன?"

நான் கூகுளாண்டவரைக் கும்பிடறதுக்குள்ள சமையக்கட்டுல இருந்து பதில் வந்துது. "அது வெள்ளக்காரன் ரொட்டி. கோதும மாவு, பட்டர், பால் போட்டுப் பெசஞ்சு போறணையில வேக வைக்கிறது. உள்ளங்கையில அடங்கும். நடுவுல பொளந்து ஜாம் தடவி துரைக்கு வைப்பாங்க."

எங்க வீட்டுல ரெண்டு டிகிரியும் ஒரு டிப்ளமோவும் இருக்கு. ஸ்கோன் எப்படிச் செய்யறதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் மூணாங்கிளாஸ் தாண்டாத எங்க அம்மா.

"உங்களுக்கு எப்படி அப்பாயி தெரியும்?"

"எங்க கோக்கி மாமா பங்களாவுல செய்வாரே."

கோக்கின்னா அந்த ஊர்ல சமையல்காரர். அந்த ஊர்னா இலங்கை, தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா அங்கே 1955-ல் பிறந்தவங்க. இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனா ஸ்கோன் சமாச்சாரம் தெரியாது. கேட்டதில்லை, அதனால சொன்னதில்லை. அன்னிக்கு ராத்திரி முழுக்க இந்த 'ஆஃப்டர்நூன் டீ' பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். நடுவுல கொட்டாவி வந்தா ஒரு டீ அடிச்சுட்டு வாங்க :-)

சாயங்கால டீங்கறது இங்கிலாந்தோட ஆதிகால வழக்கம்னு நம்மள்ல பல பேருக்கு நினைப்பு. ஷேக்ஸ்பியரே டீ உறிஞ்சிக்கிட்டுதான் நாடகம் எழுதினார்ங்கற மாதிரி. அவர் இறந்தது 1616. அப்போ அங்கே டீயே வந்து சேரலை. 1662-ல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரின் இரண்டாம் சார்லஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த பிறகுதான் அரண்மனையில டீ ஒரு நாகரிகமாச்சு. அதே கல்யாணத்துக்குச் சீதனமா எழுதிக் கொடுத்த ஊர்தான் பம்பாய். பொண்ணு கூடவே ஒரு பழக்கமும் ஒரு துறைமுகமும். நல்ல சம்பந்தம்.

அப்புறம் ரொம்ப காலத்துக்கு அது விலை கூடின சரக்கு. ஒரு கட்டத்துல டீ மேல வரி மட்டும் 119 சதவீதம். சும்மா இருப்பானா கடத்தல்காரன்? கடற்கரையெல்லாம் கள்ள டீ ஓடிச்சு. 1784-ல் வரியை 12.5 சதவீதத்துக்கு இறக்கின பிறகுதான் கடத்தல் படுத்துது.

அப்பவும் 'நாலு மணி டீ'ங்கற சடங்கு வரலை. அது வந்தது 1840 வாக்கில. பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா மரியான்னு ஒருத்தங்க, விக்டோரியா ராணியோட பணிப்பெண் வரிசையில இருந்தவங்க. மத்தியானம் கொறிச்சா ராத்திரி எட்டு மணிக்குத்தான் சாப்பாடு. நடுவுல அம்மணிக்குப் பசி மயக்கம். ரூமுக்கே டீயும் ரொட்டியும் கொண்டுவரச் சொல்லி, பிறகு தோழிமாரையும் கூப்பிட்டு உட்கார வைக்க, அது ஃபேஷனாகிப் போச்சுன்னு கதை. கதையில எத்தனை பங்கு நிஜமோ, காலம் அதேதான். அதாவது, உலகமே 'பாரம்பரியம்'னு தலையில தூக்கி வச்சு ஆடற இந்த மூணு தட்டு அடுக்குக்கு வயசு இருநூறுகூட ஆகலை. எங்க ஊர் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு முன்னால அது கைக்குழந்தை.

இன்னொரு வேடிக்கை. ஹோட்டல் ஹோட்டலா இதை 'ஹை டீ'ன்னு போர்டு போட்டு விக்கறாங்க. ஏதோ உயர்ந்த ரகம்னு நாமளும் நம்பறோம். உண்மையில ஹை டீங்கறது அங்கே தொழிலாளி வீட்டுச் சாப்பாடு. மில்லுலயும் சுரங்கத்துலயும் வேலை பார்த்தவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ரொட்டி, இறைச்சி, முட்டையோட டீ குடிக்கறது. உயரமான சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து சாப்பிட்டதால அந்தப் பேர்னு ஒரு காரணம் சொல்றாங்க. சீமாட்டிகள் சாய்வு நாற்காலி பக்கத்துல குட்டை மேஜை போட்டுக் குடிச்சது வேற. கூலிக்காரனோட பேரைப் பணக்காரன் பலகாரத்துக்கு ஒட்டிட்டாங்க. பேர்லதான் எவ்வளவு கோளாறு பாருங்க.

வீட்டுல இருந்த இந்த வழக்கம் கடைக்கு வந்தது 1864-ல். லண்டன்ல ஏரேட்டட் பிரெட் கம்பெனின்னு ஒரு ரொட்டிக் கம்பெனி, தன்னோட கடையிலேயே டீயும் கொடுக்க ஆரம்பிச்சுது. 1894-ல் லயன்ஸ் கம்பெனி பிக்கடில்லியில முதல் டீக்கடையைத் திறந்தது. இந்த டீ ரூம்கள் ஒரு நல்ல காரியம் பண்ணிச்சு. ஆம்பளைத் துணை இல்லாம ஒரு பொம்பளை தனியா வந்து உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிட்டுப் போனா ஊர் தப்பாப் பேசாத இடம், அந்த ஊர்ல அதுக்கு முன்னாடி அதிகம் கிடையாது. ஓட்டுரிமை கேட்டுப் போராடின பெண்கள் டீ ரூம்கள்ல கூடித்தான் திட்டம் போட்டிருக்காங்க. அதைக் குறைச்சுச் சொல்ல எனக்கு மனசு வரலை. ஒரு பொம்பளை நிம்மதியா உட்கார்ந்து டீ குடிக்கறது சின்ன விஷயமில்ல.

நிற்க. இவ்வளவு பேரு குடிக்க டீ எங்கிருந்து வந்துது?

முதல்ல முழுக்க முழுக்கச் சீனா. சீனாக்காரன் வெள்ளியை எண்ணி வைன்னான். அவ்வளவு வெள்ளிக்கு எங்கே போறது? இந்தியாவுல அபினி விளைய வச்சு, அதைச் சீனாவுக்குள்ள தள்ளி, அந்தக் காசுல டீ வாங்கினாங்க. அது 1839-ல் யுத்தமாவே வெடிச்சுது. அதே 1839 ஜனவரியில லண்டன் ஏலத்துல முதல் தடவையா அஸ்ஸாம் டீ விலை போச்சு. வெறும் எட்டுப் பெட்டி. ஐம்பது வருஷம்கூட ஆகலை, 1888-ல் பிரிட்டனுக்குப் போன இந்திய டீ, சீன டீயைத் தாண்டிடுச்சு.

இலங்கை இந்த ஆட்டத்துக்குப் பிந்தி வந்த ஆள். அங்கே மலையெல்லாம் முதல்ல காப்பி. நம்ம புதுக்கோட்டை, திருச்சி, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்து ஜனங்க பஞ்சத்துக்குத் தப்பிச்சுக் கடல் தாண்டிப் போனது காப்பித் தோட்டத்துக்குத்தான். 1869-ல் காப்பி இலையில துரு மாதிரி ஒரு பூஞ்சணம் விழுந்துது. இருபது வருஷத்துக்குள்ள காப்பியே அடியோட போச்சு. நல்ல வேளையா (துரைமாருக்கு நல்ல வேளை) ஜேம்ஸ் டெய்லர்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1867-லேயே லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர் தேயிலை போட்டு வச்சிருந்தார். மத்தவங்க எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ஞ்சாங்க. தொழிலாளிகள் டெய்லரை 'சாமி துரை'ன்னு கூப்பிட்டாங்களாம். 1892-ல் அவர் செத்தப்போ மலையில இருந்து கண்டி வரைக்கும் உடலை முறை மாத்தி மாத்தித் தோள்ல சுமந்துக்கிட்டு நடந்தவங்க அவங்கதான்.

1890-ல் தாமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கிப் போட்டார். தோட்டத்துல இருந்து நேரா டீப்பாட்டுக்குங்கறது அவரோட விளம்பர வசனம். அந்த விளம்பரப் படங்கள்ல கூடையோட ஒரு தமிழ்ப் பொண்ணு நிப்பா. லண்டன் டீ ரூம்ல உட்கார்ந்து குடிச்ச பொம்பளைக்கு, பறிச்ச பொம்பளையோட மூஞ்சி தெரிஞ்சிருக்கு. பேர்தான் தெரியாது.

அந்தப் பொண்ணு அங்கே போய்ச் சேர்ந்த கதைக்கு ஒரு புத்தகமே போடலாம், நாலு வரியில சொல்றேன். ஊர்ல கங்காணி வந்து ஆள் சேர்ப்பான். முன்பணம்னு கொஞ்சம் கையில கொடுப்பான். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்குல ஏறும். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போதே ஆள் கடனாளி. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொண்ணுக்குப் போகணும்னா அந்தக் கடனை எழுதின 'துண்டு' வேணும், யார் கடனை அடைக்கறானோ அவனுக்கு ஆள் சொந்தம். இந்தத் துண்டு முறையை ஒழிச்சதே 1921-ல்தான். 1900களின் தொடக்கத்துல இன்னொரு ஏற்பாடு பண்ணினாங்க. தோட்டத்தோட நம்பர் அடிச்ச ஒரு தகரத் துண்டு. ஆளுக்கு ஒண்ணு, கழுத்துல கட்டிக்கணும். பார்சலுக்கு லேபிள் ஒட்டற மாதிரி. மண்டபம் முகாம்ல நோய் இருக்கான்னு பார்த்துட்டு அனுப்புவாங்க. எங்க அம்மாவோட பாட்டி அந்த வழியாத்தான் போயிருக்காங்க.

போய்த் தங்கின இடத்துக்குப் பேர் லயம். ஒரே கூரை, வரிசையா பத்துப் பன்னிரண்டு காம்பரா, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். ரொம்ப நாள் நான் அதை சங்கீதத்துல வர்ற லயம்னு நினைச்சிருந்தேன் :-) அது 'லைன்'. பட்டாளத்துக்காரன் சிப்பாய்க் குடிசை வரிசையை 'லைன்ஸ்'னு சொன்னான், தோட்டத்துரை அதை அப்படியே கூலிக்காரன் வீட்டுக்கு வச்சான். நம்ம பல்லாவரத்துல வெட்டரன் லைன்ஸ்னு ஒரு இடம் இருக்கு. கண்டோன்மென்ட் காலத்துப் பேர். அதே லைன்தான். இதை நான் அம்மாகிட்ட சொன்னப்போ, பல்லாவரம் பஸ்ஸுல போகும்போதெல்லாம் அந்தப் பேரைப் பார்த்திருக்கேனே, இங்கயும் லயமா, அப்போ நான் எங்கயும் போகவே இல்லன்னு சொல்லிச் சிரிச்சாங்க.

தோட்டத்துல காலையில ஆறு மணிக்குப் பெரட்டு. அங்கே ஆள் பிரிச்சு எந்த மலைன்னு சொல்லுவாங்க. இடுப்புல படங்கு, முதுகுல கூடை, கூடைக் கயிறு நெத்தியில. அட்டைக்கடி, மழை, வழுக்கு. ஒரு நாளைக்கு மூணு தரம் கொழுந்து நிறுக்கணும். கடைசி நிறுவை சாயங்காலம் நாலு மணிக்கு மேல. அதுதான் அன்னியோட விதி. கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பார். கூடைக்குன்னு கொஞ்சம் கழிப்பார், ஈரத்துக்குன்னு கொஞ்சம் கழிப்பார். மிச்சம் கணக்குக்கு வந்தா முழுப் பேர். வரலைன்னா அரைப் பேர், அரை நாள் சம்பளம். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயசுல பேர் பதிஞ்சாங்களாம். ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு அதைவிடக் குறைச்சல். அங்கே ரெண்டு பேருக்கும் ஒரே கூலின்னு ஆனது 1984-ல்தான். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே அம்மா கிளம்பிட்டாங்க.

கிளம்பிட்டாங்கன்னு சொல்றது தப்பு. அனுப்பினாங்க. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்கள்ல பெரும்பாலானவங்களை ஒரே அடியில நாடில்லாதவங்க ஆக்கிடுச்சு. 1964 அக்டோபர் 30, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைப் பிரிச்சாங்க: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு வச்சு, 1974-ல் ஆளுக்குப் பாதின்னு முடிச்சாங்க. கொழுந்து நிறுத்த மாதிரிதான். 1973, 74-ல் தோட்டங்கள்ல கடும் பஞ்சம் வேற. அந்த 74-ல், பத்தொன்பது வயசுல, அம்மா தாத்தா பாட்டியோட கோச்சி ஏறித் தலைமன்னார் வந்து, ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம் இறங்கினாங்க. மறுபடி மண்டபம் முகாம். பாட்டி போன அதே வழி, திசை மட்டும் வேற.

தாயகம் திரும்பினவங்களுக்காகத்தான் 1968-ல் நீலகிரியில அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சாங்க, இப்போ டான்டீன்னு சொல்றோமே அது. அம்மா கூட வந்த பாதிப் பேரு அங்கே போயிட்டாங்க. தாத்தா மட்டும், இனி தேயிலைத் தூர் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்னு, யாரோ சொன்னதை நம்பி மெட்ராஸ் பக்கம் வந்தார். கிடைச்சது பம்மல் பக்கத்துல தோல் ஷாப் வேலை. 1912-ல் குரோம் லெதர் கம்பெனி வந்து குரோம்பேட்டைக்குப் பேரைக் கொடுத்த நாள்ல இருந்து இந்தப் பக்கம் தோல்தானே பிழைப்பு. தேயிலை வாசத்துல இருந்து தோல் நாத்தத்துக்கு. அப்பாவும் அதே தொழில். 2009-ல் அவர் போயிட்டார்.

ஒரு கிளைக்கதை. இங்கே வந்தப்புறம் அம்மாவுக்கு ஒரு அதிர்ச்சி: தமிழ்நாட்டுல டீ ஏழைப் பானம், காப்பிதான் கௌரவம். ஆ. இரா. வேங்கடாசலபதியோட 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) படிச்சவங்களுக்கு இந்தக் கதை தெரியும். டீயை நம்ம ஜனம் தானா தேடிப் போகலை. 1903-ல் டீ மேல ஒரு தீர்வை போட்டு, அந்தக் காசுலயே டீக்கு விளம்பரம் பண்ணினாங்க. முப்பதுகள்ல உலகச் சந்தை படுத்தப்போ, வெளிய விக்காத சரக்கை உள்ளேயே தள்ளணும்னு இன்னும் தீவிரமா இறங்கினாங்க, தெருத் தெருவாப் போட்டுக் கொடுத்து ருசி காட்டினாங்க. 1930 வாக்கில அஸ்ஸாம்ல கண்டுபிடிச்ச சி.டி.சி. மெஷின் இலையைச் சுருட்டாம நசுக்கிக் குருணையாக்கிச்சு. கொஞ்சத் தூள்ல நிறைய சாயம். நம்ம தெருமுனை டீயோட சூட்சுமம் அதுதான். நல்ல இலை சீமைக்கு, டஸ்ட் நமக்கு. தோட்டத்துலயும் தொழிலாளிக்குக் கொடுத்தது டஸ்ட்தானாம். அம்மா பத்தொன்பது வருஷம் தேயிலைக்குள்ளேயே இருந்திருக்காங்க, நல்ல இலைத் தேத்தண்ணி ஒரு தடவைகூடக் குடிச்சதில்லை.

இதைக் கேட்ட அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன். பொண்ணு ஸ்கோன் கேட்டா, அம்மா துரைக்கு வைக்கறதுன்னு சொன்னாங்க. ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உட்கார வைக்கணும். சென்னையிலேயே பெரிய ஹோட்டல்கள்ல கிடைக்கும்தான். ஆனா எனக்கு நுவரெலியாதான் வேணும்னு தோணிச்சு.

அம்மா ஒத்துக்கலை. "அங்க என்னா இருக்கு? அனுப்பிச்ச எடத்துக்கு எதுக்குத் திரும்பிப் போவணும்?" மூணு வாரம் இதே பேச்சு. கடைசியில பேத்திதான் சம்மதிக்க வச்சா. 2024 மே மாசம், எங்க மொட்டை மாடிக்கு மேல போற விமானங்கள்ல ஒண்ணுல ஏறி, ஒன்றரை மணி நேரத்துக்குள்ள கொழும்பு. அம்மா பாஸ்போர்ட்ல பிறந்த இடம் இலங்கை. விசா, சுற்றுலாப் பயணி விசா. அதிகாரி ஒரு தடவை பாஸ்போர்ட்டைப் பார்த்தார், ஒரு தடவை அம்மாவைப் பார்த்தார், முத்திரை குத்திக் கொடுத்தார். கோச்சியில நானுஓயா வரைக்கும் அம்மா ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. பழைய தோட்டத்துக்குப் போனது, லயத்தைத் தேடினது எல்லாம் தனிப் பதிவா எழுதறேன், இப்போ எழுத முடியலை.

நுவரெலியா கிராண்ட் ஹோட்டல். 1824-ல் இருந்து 1831 வரைக்கும் இலங்கை கவர்னரா இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தனக்காகக் கட்டிக்கிட்ட மலை பங்களாதான் அதோட மூலம். 1891-ல் ஹோட்டலாச்சு. 6000 அடிக்கு மேல, குளிரு, புல்தரை, பூப்பாத்தி, வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன ஊர் மாதிரியே இல்லை, டீ குடிக்க இப்போ வந்துடுவான் போல இருக்கு. அம்மா அரக்குக் கலர் பட்டுப் புடவை, அதுக்கு மேல என்னோட ஸ்வெட்டர். நாற்காலி நுனியில உட்கார்ந்தாங்க. சாய்ஞ்சு உட்காருங்கன்னா, "இருக்கட்டும்பா"ன்னாங்க.

மூணு தட்டு அடுக்கு வந்துது. டீப்பாட் வந்துது. அம்மா முதல்ல பண்ணின வேலை, மூடியைத் தூக்கி மோந்து பார்த்தது. "மேல் மலைத் தேயில. சாயம் வெளுப்பா இருக்கும், வாசந் தூக்கும்." பால் வேண்டாம்னுட்டாங்க. ஒரு வாய் குடிச்சாங்க. ஒண்ணும் சொல்லலை. இன்னொரு வாய். நானும் பொண்ணும் வாயையே பார்த்துக்கிட்டிருந்தோம்.

பரிமாறின தம்பி தமிழ்ப் பையன். நாங்க பேசறதைக் கேட்டுட்டுப் பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டார். எந்த நாடுன்னு கேட்கலை, எந்த ஊருன்னு கேட்கலை.

"அம்மாவுக்கு எந்தத் தோட்டம்?"

அம்மா பேரைச் சொன்னாங்க, டிவிஷனும் சொன்னாங்க. அந்தத் தம்பிக்கு அதுக்கு அடுத்த மலை. அப்புறம் பத்து நிமிஷம் நாங்க ரெண்டு பேரும் அந்த மேஜையிலேயே இல்லை. எந்த வாய்க்கால், எந்தக் கோயில், எந்தக் கணக்கப்பிள்ளை பேரன்... நாற்காலியில அம்மா எப்போ சாய்ஞ்சாங்கன்னு நான் கவனிக்கலை.

பேச்சு நின்னப்போ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துட்டு, "மணி நாலு. நிறுவைக்கு ஆள் வந்திருக்கும்"னாங்க.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. இருநூறு வருஷக் கதைன்னு நான் ராத்திரி முழுக்கப் படிச்சதுல இந்த நாலு மணி இல்லை. சீமாட்டிக்கு மயக்கம் வந்த நாலு மணி இருக்கு, லண்டன்ல பொம்பளைங்க கூடிப் பேசின நாலு மணி இருக்கு. நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வாட்டி வறுத்தா ஒரு கிலோ தேயிலை. அங்கே இப்போ ஒரு நாள் பேருக்குப் பல இடங்கள்ல 18 கிலோ வரைக்கும் கேட்கறாங்க. அதுல நாலு கிலோ தேயிலை வரும், கோப்பைக்கு ரெண்டு கிராம்னு வச்சா ரெண்டாயிரம் கோப்பை. ஒரு பொம்பளை, ஒரு நாள். நாங்க போன மாசம் சம்பளச் சண்டை உச்சத்துல இருந்துது. 2021-ல் வாங்கின 1000 ரூபாயை 1700 ஆக்கறோம்னு அரசாங்கம் அறிவிச்சு, அது கோர்ட்டுக்குப் போய், கடைசியில அந்த செப்டம்பர்ல 1350-ல் வந்து நின்னுது. இலங்கை ரூபாய்.

பொண்ணு சாண்ட்விச் எடுத்தா. வெள்ளரிக்காய் வச்சது, ஓரமெல்லாம் சுத்தமா நறுக்கி, விரல் நீளத்துக்கு. அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"தம்பி, இதுல பாண் ஓரத்த என்னா செய்வீங்க?"

அந்தத் தம்பி சிரிச்சார். "எங்க அம்மாவும் வந்தப்போ இதத்தான் கேட்டாங்கம்மா."

ராத்திரி ரூம்ல அம்மாவே சொன்னாங்க. துரை பங்களாவுல நாலு மணித் தேத்தண்ணிக்குக் கோக்கி மாமா பாண் நறுக்குவாராம். ஓரம் எல்லாத்தையும் ஒரு காகிதத்துல சுருட்டி, பின்கட்டு வழியா வந்து, பிள்ளைக்காம்பராக்கிட்ட நிக்கற அம்மாகிட்டயும் சித்திகிட்டயும் கொடுத்துட்டுத் திரும்பிப் பார்க்காம போயிடுவாராம். துரைசாணிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். ஒருநாள் தெரிஞ்சுது. வேலை போகலை. அன்னியில இருந்து ஓரத்தை எண்ணி நாய்க்கு வைக்கச் சொல்லிட்டாங்களாம். அப்பவும் மாமா நாலுல ஒண்ணைக் கொண்டுவந்து கொடுத்தாராம்.

பில் எவ்வளவுன்னு இங்கே போடப் போறதில்லை. அம்மா கேட்டாங்க, நான் குறைச்சுச் சொன்னேன். "அவ்வளவுதானா?"ன்னு கேட்டுட்டு, "பொய் சொல்ற"ன்னுட்டாங்க.

ஊர் திரும்பின அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுலயே டீ பார்ட்டி வைக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. கடைக்குப் போய் பிரெட், வெள்ளரிக்காய், வெண்ணெய் வாங்கிட்டு வந்தேன். அடுக்குத் தட்டு இல்லை, மூணு எவர்சில்வர் தட்டு. நுவரெலியாவுல இருந்து கொண்டுவந்த இலைத் தேயிலையை அம்மா அளந்து போட்டாங்க. நான் கத்தியை எடுத்து, ஓரத்தை வெட்டட்டுமா வேண்டாமான்னு தயங்கிக்கிட்டு நின்னேன். ஓரம் வெட்டறது அம்மா மனசைக் கஷ்டப்படுத்துமோன்னு எனக்கு ஒரு யோசனை.

"வெட்டுப்பா"ன்னாங்க. "ஓரத்த எங்கிட்ட குடு. அதுலதான் பட்டர் நல்லா ஒட்டியிருக்கும்."